சுரேகாவின் முறை

விசுவமடுச் சந்தியில் பஸ் நின்றபோது மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. தோள்பையோடு தனுஷா இறங்கினாள். ஆவணி வெயில்; தார் றோட்டைக் கடப்பதற்குள் சப்பாத்தின் அடி கொதித்தது. காற்றும் இருந்தது, ஆனால் அது புழுதியை வாரிக் கண்ணில் போடுகிற காற்று.

சந்திக் கடைக்காரர் அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். போன வருடம் வரைக்கும் இதே மனிதர், அவள் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார். இப்போது அவள் விமானப்படையில் பயிலுநர் விமானி. ஊரில் பாதிப்பேருக்கு அதில் பெருமை. மீதிப்பேர் அவளைக் கண்டால் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "எங்கட தலையில குண்டு போட்ட பிளேனில போய் ஏறப்போறியோ" என்று கேட்ட தகப்பன் அப்புத்துரை, ஆறு மாதம் அவளோடு கதைக்கவில்லை. பிறகு யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் அவளுடைய சீருடைப் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாராம். மனுசர் அப்படித்தான்.

நாலு நாள் லீவு. அது முடிந்து திரும்பினால் ஒரு கிழமையில் தனிப்பறப்பு. பயிற்றுநர் இறங்கிவிடுவார், அவள் மட்டும் விமானத்தைக் கிளப்பி, தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இறக்க வேண்டும். மொத்தம் ஆறேழு நிமிடம். அதில் தேறினால் விமானி. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தகப்பனின் வயலுக்கு வரவேண்டியதுதான். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அதற்காக அவள் செய்யாத காரியமும் இல்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே சுரேகா வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்குச் சுரேகாவின் ஆட்டத்திவசம். அவள் செத்து ஒரு வருடம். தாய் சிவலட்சுமி மூன்றுமுறை போன் எடுத்துவிட்டார். "நீ வராட்டி நான் படைக்கமாட்டன் பிள்ளை," என்று கடைசியாகச் சொன்னார். அதற்குமேல் மறுக்காமல் பஸ் ஏறினாள்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. முன்னுக்கு விறாந்தை, இரண்டு அறை, பின்னுக்குக் குசினி. விறாந்தையில் சுரேகாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். சிரிக்காதே என்று படம் பிடித்தவர் சொல்லியிருப்பார். அவள் அடக்கிக்கொண்டு நின்றது உதட்டில் தெரிந்தது. தனுஷா படத்துக்கு முன்னால் கைகூப்பினாள். கண்ணை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

இந்த வீட்டின் பின் அறையில்தான் அவர்கள் இரண்டுபேரும் பறக்கப் பழகினார்கள்.

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதிரையில் இருந்து கண்ணை மூடி, விமானத்துக்குள் இருப்பதாக நினைத்து, ஒவ்வொரு பிடியையும் பொத்தானையும் கையால் தொட்டுத்தொட்டு முழுப் பறப்பையும் பறந்து பார்ப்பது. போனில் ஒரு வீடியோவில் இதைப் பார்த்த சுரேகா, அன்றைக்கே நீலப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் பின் அறைக்குள் இழுத்துப் போட்டாள். மண்வெட்டிப் பிடி ஒன்று விமானத்தைத் திருப்பும் தடியானது. யாரோ பிரிட்ஜ் வாங்கிய மட்டைப்பெட்டியை விரித்து, அதில் மார்க்கரால் உயரமும் வேகமும் காட்டும் மணிக்கூடுகள் கீறினார்கள். பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ற்றைக் கதிரையில் கட்டினார்கள். இங்கிலிஷ் இரண்டுபேருக்கும் தகராறு. ஆகவே கிளம்புமுன் சரிபார்க்க வேண்டிய பன்னிரண்டு விஷயங்களையும் சுரேகா தமிழாக்கி ஒரு சீஆர் கொப்பியில் எழுதிவைத்தாள்.

ஒருத்தி பின்னால் நின்று வாசிப்பாள். மற்றவள் கதிரையில் இருந்து பதில் சொல்வாள். சுரேகா அதில் சரியான கண்டிப்பு. பொருளைக் கையால் தொடாமல் பதில் சொல்லக்கூடாது. பொய்யாகச் சொல்லிப் பிடிபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பன்னிரண்டும் முடிந்தால் எழும்பி, மற்றவளுக்குக் கதிரையைக் கொடுக்க வேண்டும்.

"எடியே, தொட்டுச் சொல்லு," என்பாள். "மேல போனாப் பிறகு ஆரும் வந்து உனக்குக் கதவு பூட்டமாட்டினம்."

எழுத்துப் பரீட்சையிலும் நேர்முகத்திலும் இரண்டுபேரும் தேறினார்கள். சுரேகா பட்டியலில் மேலே இருந்தாள். தனுஷா காத்திருப்போரில் முதலாவது. மேலே உள்ள ஒருத்தி விழுந்தால்தான் அவளுக்கு இடம்.

ஒரு பெட்டிசம் போதுமாயிருந்தது.

இந்தப் பக்கத்தில் அது புதினமில்லை. ஒருவருக்குக் காணி கிடைத்தாலும், கலியாணம் பொருந்தினாலும், வேலை சரிவந்தாலும் பெயரில்லாத கடிதம் ஒன்று எங்காவது போய்ச் சேரும். தனுஷா இடது கையால் எழுதினாள். சுரேகாவின் தமையன் இயக்கத்தில் இருந்தவன், அதைப் படிவத்தில் மறைத்துவிட்டாள், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் இப்போதும் அவளோடு தொடர்பில் இருக்கிறார்கள். முதலாவது உண்மை. பதினேழு வயதில் இயக்கம் பிடித்துக்கொண்டு போன அந்தத் தமையன் திரும்பவேயில்லை. அதன் பிறகுதான் அவர்கள் விசுவமடுவில் வந்து குடியேறினார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. சுரேகா ஒருநாள் அழுது, தனுஷாவுக்கு மட்டும் சொன்னது அது. மற்றதெல்லாம் தனுஷா கூட்டிச் சேர்த்தது. 'இங்ஙனம், ஊர்மக்கள்' என்று முடித்து, பரந்தனில் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

பத்தாம் நாள் சுரேகாவுக்கு விமானப்படையிலிருந்து போன் வந்தது. அப்போது இரண்டுபேரும் பின் அறையில் இருந்தார்கள். தனுஷா பறந்து முடித்து, கதிரையை விட்டு எழும்புகிற நேரம். நாளைக்குக் காலையில் விசாரணைக்கு வரவேண்டுமாம்.

"போட்டு வந்து பறக்கிறன்," என்றாள் சுரேகா. முகம் வெளிறியிருந்தது. "என்ர முறை நிக்குது. மறந்திடாத."

அடுத்தநாள் விசாரணை முடிந்து, பின்னேரம் மூன்று மணிக்குச் சந்தியில் இறங்கி, விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவளை மணல் டிப்பர் ஒன்று அடித்து, அவளுக்கு மேலேயே கவிழ்ந்தது. தோண்டி எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. ஆற்று மணல், ஈரம் காயாதது. வாய் நிறைய இருந்தது.

தனுஷா அழுதாள். அது பொய்யழுகை இல்லை. அழுது ஓய்ந்த ஐந்தாம் நாள், சுரேகாவின் இடம் இனி அவளுக்கு என்று கடிதம் வந்தது.

படையல் முடிந்து, சனம் சாப்பிட்டுக் கலைந்தபோது இரண்டரை மணி. தனுஷா பையைத் தூக்கினாள். சிவலட்சுமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூண்டு மணி வரைக்கும் இரு பிள்ளை."

"ஏன் அன்ரி?"

"அவள் வாசிக்கிறாள்."

தனுஷாவுக்கு முதலில் விளங்கவில்லை. சிவலட்சுமி குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்கிறவர்போலச் சொன்னார்.

"முப்பத்தோராம் நாளில இருந்து ஒவ்வொரு நாளும் மூண்டு மணிக்கு. பின் அறைக்குள்ள. கதவு எண்டு கேப்பாள். பேந்து பேசாமல் நிப்பாள். பதில் சொல்ல ஆளில்லையெல்லோ. திரும்பவும் கதவு எண்டுவாள். பொழுதுபடும் வரைக்கும் அதே ஒரு சொல்லுத்தான். நான் போய் இருந்து பாத்தன் பிள்ளை. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல."

"அன்ரி..."

"உனக்குத் தெரியும். ஒருக்கா இருந்து பதில் சொல்லிவிடு. என்ர பிள்ளை அடங்கட்டும்."

பெற்ற வயிறு, புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று தனுஷா நினைத்தாள். பாவமாக இருந்தது. பத்து நிமிடம் கதிரையில் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தது அன்ரி என்று சொன்னால் மனுசி நிம்மதியாக நித்திரை கொள்ளும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

பின் அறையில் எல்லாம் அப்படியே இருந்தது. நீலக் கதிரை, பெல்ற், மண்வெட்டிப் பிடி. மட்டைப்பெட்டியில் மார்க்கர் கோடுகள் வெளிறிப் போயிருந்தன. யன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே சூடு அடைந்து கிடந்தது. ஆனால் அந்தச் சூட்டுக்குள் ஈர மணலின் வாசம் வந்தது. ஆற்றங்கரையில் காலையில் வருகிற வாசம்.

அவள் இருந்து பெல்ற்றைப் போட்டாள். சிவலட்சுமி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு அதுவும் நின்றது.

மூன்று மணி.

"கதவு?"

சரியாகத் தலைக்குப் பின்னால் கேட்டது. இரண்டு அடி தூரம்கூட இல்லை. சுரேகா எப்போதும் நிற்கிற இடம்.

தனுஷாவுக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினார். சொல்லு.

அவள் இல்லாத கதவைக் கை நீட்டித் தொட்டாள். "பூட்டியிருக்கு."

"பெல்ற்?"

"இறுக்கியிருக்கு."

"பிரேக்?"

"போட்டிருக்கு."

குரல் சுரேகாவினுடையதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஏதோ பல்லில் கடிபடும் சத்தம். எண்ணெய், தடி, மணிக்கூடு, றேடியோ. பதில்கள் தாமாகவே வந்தன. ஒரு வருடம் பழகிய நாக்கு. வாசலில் சிவலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் அழுதார்.

"வானம்?"

அது பன்னிரண்டாவது. கடைசி. தனுஷா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள், பார்க்க வேண்டும் என்பது சட்டம். "ஒருத்தரும் இல்லை," என்றாள். மூச்சு வந்தது. முடிந்துவிட்டது. அவள் பெல்ற்றைக் கழற்றக் கை வைத்தாள்.

"கடிதம்?"

அப்படி ஒன்று கொப்பியில் இல்லை.

"என்ன கடிதம்?" என்று சிவலட்சுமி மெல்லக் கேட்டார். "அதுவும் இருக்கோ பிள்ளை?"

பெல்ற் கழலவில்லை. அவளுடைய தோளில் சின்னச் சின்னதாக ஏதோ விழுந்தது. மணல்.

"ஆர் எழுதினது?" என்றது குரல். "தொட்டுச் சொல்லு."

வாசலில் தாய் நிற்கிறார். லீவு முடிந்தால் தனிப்பறப்பு. சொன்னால் எல்லாம் போய்விடும். தனுஷா இடது கையை மடிக்குள் ஒளித்தாள்.

"எனக்குத் தெரியாது."

வலது கையால் பெல்ற்றை இன்னொருமுறை இழுத்தாள்.

"பொய்," என்றது குரல். கோபமே இல்லாமல், முன்பெல்லாம் அவள் பிடிபடும்போது சொல்வதுபோலச் சொன்னது. "முதலில இருந்து."

பெல்ற் தானாகக் கழன்றது. தனுஷா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடினாள். விறாந்தைக்கு வந்து பையை எடுத்துத் தோளில் போட்டாள். பின்னால் சிவலட்சுமி வந்து நின்றார். அவருடைய கண்ணில் இப்போது அழுகை இல்லை. தனுஷாவின் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறைக்குள்ள இப்ப சத்தமில்லை பிள்ளை," என்றார். "உன்னோட வெளிக்கிட்டிட்டாள் போல."

தளத்துக்குத் திரும்பிய பிறகு அவள் நன்றாகத்தான் இருந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விடியற்காலையில் சப்பாத்தைப் போட்டால் உள்ளே மணல் இருந்தது; தளம் கடல் பக்கம் என்றால் மணல் இருக்கும்தானே. ஆனால் கடல் மணல் வெள்ளை. இது கபில நிறம். தட்டிக் கொட்டினாள். பின்னேரம் மூன்று மணிக்கு எங்கே நின்றாலும் பிடரியில் மூச்சுப் பட்டது. வைத்தியரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள். ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. இரண்டுமுறை பயிற்றுநர் கேட்டார், சுகமில்லையா என்று. சுகமாக இருக்கிறேன் என்றாள். பொய் சொல்ல அவளுக்குப் பழகிவிட்டது.

தனிப்பறப்பு அன்று காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பயிற்றுநரோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்றும் நன்றாக வந்தன. ஓடுபாதையின் ஓரத்தில் நிறுத்தச் சொல்லி அவர் இறங்கினார். வெறும் சீற்றின் பெல்ற்றுகள் பறக்கும்போது எதிலும் சிக்காமலிருக்க, அவற்றைப் பூட்டிவிட்டு, அவளுடைய தோளில் ஒருமுறை தட்டினார்.

"இனி நீயும் விமானமும்தான்," என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவள் ஒருத்தியாகச் சரிபார்த்தாள். எந்தக் குரலும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தந்தது. விமானம் ஓடி, எழும்பி, நிலம் கீழே போனது. பக்கத்தில் பாரம் இல்லாததால் விமானம் எதிர்பார்த்ததைவிடச் சுறுக்காக ஏறியது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. நாலு வயதில் பங்கருக்குள் இருந்து அண்ணாந்து பார்த்துப் பயந்த ஒன்றுக்குள் இன்றைக்கு அவள் ஒருத்தியாக இருக்கிறாள். கடல் தெரிந்தது, மரங்கள் தெரிந்தன. இதற்காக எதையும் செய்யலாம் என்று அந்த நிமிடத்தில் நினைத்தாள். செய்ததற்காக வருத்தப்படவில்லை என்றும் நினைத்தாள்.

விமானம் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தது.

நேராக்கினாள். மறுபடி சரிந்தது. பக்கத்துச் சீற்றில் பாரம் ஏறினால் சரிகிற சரிவு.

பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

தளர்வாகக் கிடந்த பெல்ற், உள்ளே ஒரு உடம்பு இருப்பதுபோல இறுகிப்போய் நின்றது. சீற்றில் ஈர மணல்.

"கதவு?" என்றது ஹெட்போன்.

அவள் பதில் சொன்னாள். வேறென்ன செய்வது. தொட்டுத்தொட்டு, ஒவ்வொன்றாக, பதினொன்றையும் சொன்னாள். வானம் என்று கேட்டபோது, ஒருத்தரும் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நீ இருக்கிறாய்," என்றாள்.

"சரி. கடிதம்?"

ஓடுபாதை இடப்பக்கம் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. இனித் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி இடது கையில் இருந்தது.

இடது கை அசையவில்லை.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை மணல் மூட்டை ஒன்றுக்குள் புதைந்ததுபோலக் கனத்தது. தோளால் இழுத்தாள். வரவில்லை. விமானம் நேரே கடலுக்கு மேலே போனது.

"சுரேகா, விடு. விடடி."

"ஆர் எழுதினது?"

"நான் செத்துப்போவன்."

"நான் செத்துப்போனன்," என்றது குரல். பல்லில் மணல் கடிபட்டது. "தொட்டுச் சொல்லு."

கோபுரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நிலம் முடிந்து கீழே நீலம் மட்டும் இருந்தது. தனுஷா தடியிலிருந்து வலது கையை எடுத்தாள். விமானம் மூக்கைத் தாழ்த்தியது. அந்த வலது கையால் தன்னுடைய இடது கையைத் தொட்டாள்.

"இந்தக் கை," என்றாள். "நான்தான் எழுதினனான். உன்ர அண்ணனைப் பற்றி எழுதினனான். பொய்யும் சேர்த்து எழுதினனான். உன்ர இடம் எனக்கு வேணும் எண்டு எழுதினனான்."

கை விடுபட்டது.

அவள் அழுதுகொண்டே விமானத்தைத் திருப்பினாள். அழுதுகொண்டே இறக்கினாள். அந்தத் தளத்தில் அந்த வருடம் யாரும் அவ்வளவு நன்றாக இறக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். இயந்திரத்தை நிறுத்தினாள். மின்சாரத்தையும் நிறுத்தினாள். எல்லா விளக்கும் அணைந்த பிறகு ஹெட்போன் கடைசியாக ஒருமுறை கரகரத்தது.

"முடிஞ்சுது. இனி என்ர முறை."

ஓடுபாதை ஓரத்தில் பயிற்றுநர் கைதட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில் கோபுரத்திலிருந்து இறங்கி வந்த சிறாஜ் நின்றான். முல்லைத்தீவுப் பொடியன், றேடியோ பார்க்கிறவன். தளத்தில் அவளோடு தமிழில் கதைக்கிற ஒரே ஆள். அவனுடைய முகத்தில் இரத்தமில்லை.

"மேடம், உங்கட றேடியோப் பொத்தான் அமத்தினபடியே நிண்டது," என்றான். "எல்லாருக்கும் கேட்டது. எல்லாம் பதிவாகியிருக்கு." பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டான். "உங்களோட ஆர் இருந்தது?"

பொத்தானைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மணல் இறுகிக் கிடந்தது.

விசாரணையில் பதிவைப் போட்டார்கள். சிறாஜ் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தான். அதில் இரண்டு குரல்கள் இருந்தன. இரண்டும் நீயேதான் பேசியிருக்கிறாய் என்றார்கள்; உள்ளே வேறு யாரும் இல்லையே, வேறெப்படி. ஆகாயத்தில் குரல் கேட்கிறவள் கையில் விமானம் கொடுக்க முடியாது என்று வைத்தியர் எழுதினார். பெட்டிசத்தின் கதை வேறாக விசாரிக்கப்படும் என்று சொன்னார்கள். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. சுரேகாவுக்கு ஒரு கடிதத்தால் போன அதே இடம், அவளுக்கு ஒரு வாய்ச்சொல்லால் போனது.

சங்கதி அவளுக்கு முந்தியே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. சந்திக் கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அப்புத்துரை, "வந்திட்டியோ," என்று மட்டும் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அடுத்தநாள் பின்னேரம், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, தனுஷா வீட்டுப் படலையில் சிவலட்சுமி நின்றார்.

ஏசுவார் என்று தனுஷா காத்திருந்தாள். மண்ணள்ளித் தூற்றுவார், அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. தலை இழுத்து வாரி, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிறவர்போல வந்திருந்தார்.

"வா பிள்ளை. நேரமாகுது."

"எங்க அன்ரி?"

"நீ பறந்து முடிச்சிட்டாயெல்லோ. இனி அவளின்ர முறை. வாசிக்க ஆள் வேணும்." சீஆர் கொப்பியை நீட்டினார். "முதல் முறை அவள் அடங்கவேணும் எண்டு உன்னைக் கூப்பிட்டனான். இப்ப அப்பிடியில்லை. அவள் அடங்கத் தேவையில்லை."

வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் இடது கை நீண்டு கொப்பியை வாங்கிவிட்டது. கால்கள் அதன் பின்னால் நடந்தன.

பின் அறையில் நீலக் கதிரை யன்னலைப் பார்த்தபடி இருந்தது. தனுஷா அதற்குப் பின்னால், சுரேகா நிற்கிற இடத்தில் போய் நின்றாள். கொப்பியைத் திறந்தாள். சுரேகாவின் வட்டமான எழுத்து.

"கதவு?"

அவளுக்குப் பின்னால் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கதிரையிலிருந்து பதில் வந்தது. "பூட்டியிருக்கு."

"பெல்ற்?"

வெறும் கதிரைக்கு மேல் பெல்ற் மெல்ல எழும்பி, குறுக்கே போய், இறுகியது.

"இறுக்கியிருக்கு."

ஒவ்வொன்றாக வாசித்தாள். மண்வெட்டிப் பிடி அசைந்தது. மட்டையில் கீறிய மணிக்கூட்டு முள் ஒன்று நகர்ந்ததை அவள் கண்ணால் கண்டாள். பன்னிரண்டும் முடிந்தது. முழுக்க முடிந்தால் எழும்பி இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொப்பியை மூடிவிட்டு, கதிரை வெறுமையாகட்டும் என்று காத்து நின்றாள்.

பெல்ற் தளரவில்லை.

"முதலில இருந்து," என்றது கதிரை.

வெளியே சிவலட்சுமி குசினிக்குள்ளிருந்து பலகைக்கட்டை இழுத்து வந்து, கதவுக்கு நேரே போட்டு அதில் குந்தும் சத்தம் கேட்டது. மகள் பறப்பதைக் கேட்க வந்து இருக்கிறார். நாளைக்கும் வருவார். அதற்கடுத்த நாளும் வருவார்.

தனுஷா கொப்பியைத் திறந்தாள். முதல் சொல்லை வாசிக்க வாயெடுத்தாள். சொல் வருவதற்கு முன்பு, பல்லுக்கிடையில் ஏதோ நறநறவென்று கடிபட்டது. நாக்கில் ஆற்று மணலின் ஈரம்.

"கதவு?" என்றாள்.